பிப்ரவரி 2: ஒரே தேதியில் இத்தனை நாட்கள் எப்படி?

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் பிப்ரவரி 2ஆம் தேதிக்குரிய தாளில், அது தை மாதத்தின் 19ஆம் நாள் அல்லது 20ஆம் நாள் என்பதும், அன்றைய திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகு காலம் ஆகியவையும் அச்சாகியிருக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் நமக்கு அது ஒரு சாதாரண நாள். ஆனால் அதே நாளில் அமெரிக்காவின் ஒரு சிற்றூரில் ஆயிரக்கணக்கானோர் கடுங்குளிரில் விடியும் முன்பே கூடி, ஒரு சிறிய விலங்கு தன் நிழலைப் பார்க்கிறதா என்று காத்திருப்பார்கள். பிரான்சில் வீடுதோறும் மெல்லிய தோசை போன்ற ஒரு பலகாரத்தைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். மெக்சிகோவில், நான்கு வாரங்களுக்கு முன் தன் பங்குக் கேக்கில் ஒரு சிறு பொம்மையைக் கண்டெடுத்தவர் உற்றார் உறவினருக்கு விருந்து வைப்பார். உலகின் பல பகுதிகளில் மாணவர்கள் ஏரிக்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் பறவைகளைப் பார்க்கச் செல்வார்கள்.

இவை அனைத்தும் ஒரே தேதியில் வருவது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடினால், "நாட்கள்" எப்படிப் பிறக்கின்றன என்பது மிகத் தெளிவாக விளங்கும். ஒரு தேதியில் வரும் கொண்டாட்டங்களில் சில ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. வேறு சில எந்தத் தொடர்பும் இல்லாமல் அந்தத் தேதியில் வந்து விழுந்தவை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள பிப்ரவரி 2ஐவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் வேரைப் பார்ப்போம். அது ஓர் எளிய கணக்கு. டிசம்பர் 25ஐ முதல் நாளாக வைத்து விரல் விட்டு எண்ணினால், டிசம்பரில் 7 நாட்கள், சனவரியில் 31 நாட்கள், பிப்ரவரியில் 2 நாட்கள் என்று சரியாக 40 நாட்கள் வரும். பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பது நாள் கணக்குப் பார்ப்பது நம்மில் பலருக்கும் பழக்கமான செய்திதான். பண்டைய யூதச் சட்டத்திலும், ஆண் குழந்தை பெற்ற தாய் 40 நாட்கள் கழிந்த பிறகு கோவிலுக்குச் சென்று காணிக்கை செலுத்த வேண்டும் என்று இருந்தது. ஆட்டுக்குட்டி கொடுக்க வசதி இல்லாதவர்கள் இரண்டு புறாக்களைக் கொடுத்தால் போதும். இயேசுவின் பெற்றோர் அவ்வாறே பறவைகளைக் காணிக்கையாகக் கொடுக்க எருசலேம் கோவிலுக்குச் சென்றதாக லூக்கா நற்செய்தி கூறுகிறது. அங்கே சிமியோன் என்ற முதியவர் குழந்தையைக் கையில் ஏந்தி, எல்லா மக்களுக்கும் ஒளியாக வந்தவர் என்று வாழ்த்தினார். அந்த "ஒளி" என்ற சொல்லே பிற்காலத்தில் மெழுகுதிரியாக மாறியது. பிப்ரவரி 2 அன்று ஆண்டு முழுவதும் பயன்படுத்த வேண்டிய மெழுகுதிரிகளை மந்திரித்து, அவற்றை ஏற்றிப் பவனி வரும் வழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றியது. ஆங்கிலத்தில் கேண்டில்மஸ், பிரெஞ்சில் ஷாந்தலர், ஜெர்மனில் லிக்ட்மெஸ், ஸ்பானிய மொழியில் கந்தெலாரியா என்று அந்த நாளுக்கு வழங்கும் பெயர்கள் எல்லாம் மெழுகுதிரியையோ ஒளியையோ குறிப்பவையே. தமிழ்க் கத்தோலிக்கர்களும் அன்று ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவைக் கொண்டாடி, மெழுகுதிரிகளை மந்திரித்து வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். மறுநாள் புனித பிளேசியார் நினைவு நாளில், மந்திரித்த இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்துத் தொண்டையில் வைத்து, தொண்டை நோய் அண்டாமல் இருக்க வேண்டிக்கொள்வதும் உண்டு.

இந்த 40 நாள் கணக்கு வெறும் ஊகம் அன்று என்பதற்கு ஓர் அழகான சான்று இருக்கிறது. ஆர்மீனியத் திருச்சபை கிறிஸ்து பிறப்பை டிசம்பர் 25இல் கொண்டாடுவதில்லை. சனவரி 6இல் கொண்டாடுகிறது. அங்கிருந்து 40 நாட்களை எண்ணினால் பிப்ரவரி 14 வரும். ஆர்மீனியர்கள் அதே நிகழ்வை அந்த நாளில்தான் கொண்டாடுகிறார்கள். அதற்கு முந்தைய மாலையில் தேவாலய முற்றத்தில் தீ மூட்டி, புதுமணத் தம்பதிகள் கைகோத்து அந்தத் தீயைத் தாண்டுவார்கள். பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் உருசியத் திருச்சபைக்கு இதே நாள் நம் கணக்கில் பிப்ரவரி 15 ஆகிவிடுகிறது. தொடக்கப் புள்ளி நகர்ந்தால் விழாவும் கூடவே நகர்கிறது. ஒரு விழாவின் வேர் எது என்று கண்டறிய இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

ரோமானியர்களின் லுப்பர்காலியா என்ற பழைய பண்டிகையை மாற்றவே திருச்சபை இந்த விழாவை ஏற்படுத்தியது என்று பல இடங்களில் எழுதியிருப்பதைக் காணலாம். எனக்கு அது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. லுப்பர்காலியா பிப்ரவரி 15இல் நடந்தது. காணிக்கை விழாவோ ரோமில் தொடங்கியதன்று. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் பயணம் செய்த எகேரியா என்ற பெண், அங்கே அது நாற்பதாம் நாளில் பெரும் சிறப்புடன் நடந்ததைத் தம் பயணக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 

வேர் சமயத்தினுடையது என்றாலும், அதற்குக் கிடைத்த மண் உழவர்களுடையது. வானியல் கணக்குப்படி டிசம்பர் 21ஐ ஒட்டி வரும் மிக நீண்ட இரவுக்கும், மார்ச் 20ஐ ஒட்டி வரும் சம இரவு நாளுக்கும் நடுவே பிப்ரவரியின் முதல் சில நாட்கள் அமைகின்றன. அதாவது குளிர்காலத்தின் சரிபாதி முடிந்துவிட்டது, இன்னும் பாதி இருக்கிறது. பனி மூடிய ஐரோப்பியச் சிற்றூர்களில் இது வெறும் கணக்கு அல்ல, பிழைப்பைப் பற்றிய கேள்வி. கேண்டில்மஸ் அன்று உழவனிடம் வைக்கோலில் பாதியும் தீவனப் புல்லில் பாதியும் மீந்திருக்க வேண்டும் என்று ஆங்கிலேய நாட்டுப்புறப் பழமொழி ஒன்று சொல்கிறது. அன்று காலை தொழுவத்துக்குச் சென்று போரை அண்ணாந்து பார்க்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். புல் பாதிக்குக் கீழே போயிருந்தால், வசந்தப் புல் முளைக்கும் முன் மாடு பட்டினி கிடக்கும். ஜெர்மனியின் பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் பண்ணையாட்களுக்கு ஆண்டுக் கூலி கிடைப்பதும், அவர்கள் எசமானரை மாற்றிக்கொள்வதும் இந்த நாளில்தான் நடந்தன. ஸ்காட்லாந்தில் வாடகையும் குத்தகையும் செலுத்த வேண்டிய தவணை நாட்களில் இதுவும் ஒன்று.

மீதிக் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று அன்று வானத்தைப் பார்த்துக் கணிக்க மக்கள் முயன்றது இயல்பானதே. அந்த நாள் வெளிச்சமாகவும் தெளிவாகவும் இருந்தால் குளிர் நீளும், மேகமூட்டமாகவோ மழையாகவோ இருந்தால் குளிர் விலகிவிடும் என்ற பொருளில் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பழமொழிகள் உள்ளன. கேட்பதற்கு இது தலைகீழாகத் தோன்றும்; வெயில் அடித்தால் எப்படிக் குளிர் நீளும்? ஆனால் இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மேகம் ஒரு போர்வையைப் போலத் தரையின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. மார்கழி, தை மாதங்களில் வானம் துல்லியமாக இருக்கும் இரவுகளில்தான் பனி கொட்டும் என்பதும், மேகம் கவிந்த இரவில் அவ்வளவாகக் குளிராது என்பதும் நம் ஊர்களிலும் அனைவரும் அறிந்ததே. ஐரோப்பாவில் குளிர்காலத்துத் தெளிந்த வானம் பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் வறண்ட குளிர்காற்றின் அடையாளம்; மேகமோ அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரமும் மிதவெப்பமும் கொண்ட காற்றின் அடையாளம். அன்றைய நாளுக்கும் அடுத்த சில நாட்களுக்கும் பொருந்தக்கூடிய இந்தக் கவனிப்பை ஆறு வாரங்களுக்கு நீட்டியதில்தான் பிழை. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் முன்னோர் சொன்னதும் இதே பருவத்தைப் பற்றியதுதான். அவர்கள் அதைக் கணிப்பாகச் சொல்லாமல் அனுபவமாகச் சொன்னார்கள்.

ஜெர்மானிய உழவர்கள் இந்தக் கணிப்பில் ஒரு விலங்கையும் சேர்த்துக்கொண்டார்கள். வளைக்கரடி இனத்தைச் சேர்ந்த பேட்ஜர் அன்று வளையை விட்டு வெளியே வரும். வெயிலில் தன் நிழலைக் கண்டால் மீண்டும் உள்ளே சென்று உறங்கிவிடும் என்பது அவர்களது நம்பிக்கை. 18ஆம் நூற்றாண்டில் அவர்களில் ஏராளமானோர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். அங்கே ஊரைச் சுற்றி வளை தோண்டி வாழ்ந்து, குளிர்காலம் முழுவதும் உறங்கிய வேறொரு விலங்கு பேட்ஜரின் இடத்தைப் பிடித்தது. அதுதான் கிரவுண்ட்ஹாக். ஆங்கிலப் பெயரில் பன்றி இருந்தாலும் அது பன்றி இனம் அன்று. அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீட்டுக் கூரையில் ஓடும் அணிலுக்குத் தூரத்து உறவினர் என்று சொல்லலாம். 1841 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் மார்கன்டவுனில் கடை நடத்திய ஜேம்ஸ் மாரிஸ் என்பவர் தம் நாட்குறிப்பில், கேண்டில்மஸ் நாளில் கிரவுண்ட்ஹாக் எட்டிப் பார்த்து, நிழலைக் கண்டால் மேலும் ஆறு வாரத் தூக்கத்துக்குத் திரும்பிவிடும் என்று ஜெர்மானியர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறார். 

இன்று உலகறிந்த கிரவுண்ட்ஹாக் நாள், அதே மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள பங்ஸட்டானி என்ற சிற்றூரில் உருவானது. 1886இல் அந்த ஊர்ச் செய்தித்தாள் இந்த நாளைக் குறிப்பிட்டது. 1887இல் ஊர்க்காரர்கள் சிலர் கப்ளர்ஸ் நாப் என்ற குன்றுக்கு முதல் முறையாக முறைப்படி சென்றார்கள். தொடக்க காலத்தில் அதே விலங்கை வேட்டையாடிச் சமைத்து உண்ணும் விருந்தும் அங்கே நடந்தது என்பது, இன்று அதைச் செல்லமாகத் தூக்கிவைத்துக் கொண்டாடுபவர்கள் பலரும் அறியாத செய்தி. இப்போது உயரமான கறுப்புத் தொப்பியும் கோட்டும் அணிந்த ஒரு குழுவினர், ஃபில் என்று பெயரிட்ட கிரவுண்ட்ஹாக்கை வெட்டிய மரத்தின் அடிக்கட்டை போன்ற ஒரு கூட்டிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். குழுவின் தலைவர் அதன் மொழியைப் புரிந்துகொண்டதாக அறிவித்து, தயாராக இருக்கும் இரண்டு சுருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, அதில் எழுதியிருப்பது கூட்டத்தினருக்கு வாசிக்கப்படுகிறது. 1993இல் வெளியான ஒரு ஹாலிவுட் திரைப்படத்துக்குப் பிறகு கூட்டம் பல மடங்கு பெருகியது. கனடாவின் ஒண்டாரியோவில் வையர்டன் என்ற ஊரில் 1956 முதல் இதே போன்ற விழா நடக்கிறது. அலாஸ்காவில் கிரவுண்ட்ஹாக் அரிது என்பதால், அதன் நெருங்கிய இனமான மார்மட் பெயரில் அந்த மாநில அரசு இதே தேதியை அறிவித்துள்ளது.

ஃபில்லின் கணிப்பு பலிக்கிறதா? அமெரிக்க அரசின் வானிலை, கடலியல் அமைப்பு ஆண்டுதோறும் அதை உண்மையான வெப்பநிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு வருகிறது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தால் கிடைக்கும் அளவுக்குக்கூட அது சரியாக இருந்ததில்லை. இருப்பினும் கிரவுண்ட்ஹாக் பிப்ரவரித் தொடக்கத்தில் வெளியே வருவது கட்டுக்கதை அன்று. குளிர்கால உறக்கத்தில் அதன் உடல் வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குகிறது. நிமிடத்துக்கு 80 முறைக்கு மேல் துடிக்கும் இதயம் பத்துக்கும் குறைவாகத் துடிக்கிறது. அவ்வளவு ஆழ்ந்த உறக்கத்திலிருந்து ஆண் விலங்குகள் பிப்ரவரியில் சில நாட்கள் விழித்து, சுற்று வட்டாரத்தில் எந்த வளையில் பெண் விலங்குகள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு மீண்டும் உறங்கச் செல்கின்றன. இணை சேரும் காலம் மார்ச்சில் வரும். ஆக, அது எட்டிப் பார்ப்பதைக் கண்ட உழவர்களின் கண்கள் பொய் சொல்லவில்லை. காரணத்தை மட்டுமே அவர்கள் வேறாக எண்ணினார்கள்.

அதே வேரிலிருந்து கிளைத்த உணவுப் பழக்கங்களும் உண்டு. பிரான்சில் ஷாந்தலர் அன்று க்ரெப் சுடுகிறார்கள். மாவு, முட்டை, பால் கலந்த நீர்த்த கரைசலைச் சூடான கல்லில் ஊற்றி மெல்லியதாகப் பரப்புவது பார்வைக்கு நம் தோசையை ஒத்திருக்கும். வட்டமாகவும் பொன்னிறமாகவும் இருக்கும் க்ரெப், திரும்பி வரும் சூரியனைக் குறிக்கிறது என்பார்கள். இடது கையில் ஒரு நாணயத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருக்கும் சட்டியை வீசி, க்ரெப்பைக் காற்றில் புரட்டித் திரும்பவும் சட்டியிலேயே பிடித்துவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் கையில் காசு தங்கும் என்பது நம்பிக்கை. 

மெக்சிகோவில் கணக்கு சனவரி 6இலேயே தொடங்குகிறது. அன்று வளையம் போன்ற ஓர் இனிப்பு ரொட்டியைக் குடும்பத்தினர் வெட்டிப் பகிர்கிறார்கள். அதனுள் குழந்தை இயேசுவைக் குறிக்கும் சிறிய பொம்மை மறைந்திருக்கும். யாருடைய துண்டில் அது கிடைக்கிறதோ, அவர் பிப்ரவரி 2 அன்று எல்லாருக்கும் தமாலே செய்து கொடுக்க வேண்டும். சோள மாவுக்குள் இறைச்சியோ மிளகாய்க் குழம்போ வைத்து, சோளக் கதிரின் மேல்தோலில் பொதிந்து ஆவியில் வேகவைப்பதே தமாலே. வாழையிலையில் மடித்து இலைக் கொழுக்கட்டை அவிப்பவர்களுக்கு அதன் செய்முறை உடனே விளங்கும். பொதியைப் பிரிக்கும்போது இலையின் மணம் மாவில் ஏறியிருப்பதும் அதே அனுபவம்தான். 

ஒரே வேரிலிருந்து வந்தவற்றைப் பார்த்தோம். இனி, வேர் வேறாக இருந்தும் அதே தேதிக்கு வருபவை. ஜப்பானில் செட்சுபுன் என்ற நாளில், வறுத்த சோயா அவரையை வீட்டு வாசலில் வீசி, "தீயவை வெளியே, நன்மை உள்ளே" என்ற பொருள்படும் சொற்களைக் கூவுவார்கள். பின்னர் ஒவ்வொருவரும் தம் வயதின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவரையை உண்பார்கள். இது வழக்கமாக பிப்ரவரி 3இல் வரும். ஆனால் 2021இலும் 2025இலும் பிப்ரவரி 2இல் வந்தது. கிறித்தவத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குளிர்காலத்தின் நடுப்புள்ளியை வானியல் கணக்கால் குறித்து, அதையே வசந்தத்தின் தொடக்கமாகக் கொள்ளும் கிழக்காசிய மரபில், அந்தத் தொடக்கத்துக்கு முந்தைய நாளே செட்சுபுன். ஐரோப்பிய உழவரும் ஜப்பானிய உழவரும் ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஆண்டின் ஒரே வளைவில் நின்று பெருமூச்சு விட்டிருக்கிறார்கள் என்பதே இந்த நாளைப் பற்றி நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் நெகிழச் செய்வது.

அடுத்து, எண்ணின் ஒலியால் பிறந்த நாட்கள். ஜப்பானிய மொழியில் இரண்டை "ஃபு" என்றும் ஒலிக்கலாம். "ஃபூஃபு" என்றால் கணவன் மனைவி. ஆகவே இரண்டாம் மாதம் இரண்டாம் தேதி அங்கே தம்பதியர் நாள். அமெரிக்காவில் உருளைக்கிழங்கைத் துருவி உருட்டிப் பொரிக்கும் ஒரு சிற்றுண்டிக்கும் இதே தேதி உண்டு. இத்தகைய நாட்களுக்கு முன்னால் "தேசிய" என்ற அடைமொழி இருப்பதைப் பார்த்து அரசின் அறிவிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. வணிகர்களோ சங்கங்களோ ஆர்வலர்களோ அறிவித்து, நாட்காட்டித் தொகுப்பாளர்கள் பட்டியலில் சேர்த்தாலே போதும். எந்தச் சட்டமும் தேவையில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை, நினைவு நாட்களை அறிவிக்கும் தீர்மானங்களுக்கே நேரம் போய்விடுகிறது என்பதால், 1995இல் அவற்றை ஏற்பதை விதியின் மூலம் நிறுத்திவிட்டது.

இறுதியாக, முற்றிலும் தற்செயலாக இந்தத் தேதியில் அமைந்து, இன்று நமக்கு மிகவும் நெருக்கமாகிவிட்ட நாள் ஒன்று உண்டு. 1971 பிப்ரவரி 2 அன்று, ஈரானில் காஸ்பியன் கடற்கரையில் உள்ள ராம்சர் நகரில் கூடிய பல நாட்டுப் பிரதிநிதிகள், சதுப்பு நிலங்களையும் நீர்நிலைகளையும் காப்பதற்கான உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தார்கள். கூட்டம் ஒரு வாரம் முன்னதாக நடந்திருந்தால் தேதியும் வேறாகியிருக்கும். 1997 முதல் அந்தத் தேதி உலக ஈரநில நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2021இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் அதை ஏற்றுக்கொண்டது. இந்தியா 1982இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் முதலில் 2002இல் கோடியக்கரை ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2022இல் பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல், கூந்தன்குளம் உள்ளிட்ட பல இடங்கள் சேர்ந்தன. 2025இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர, எண்ணிக்கை 20ஐ எட்டி, இந்திய மாநிலங்களிலேயே மிக அதிகமானது. இலங்கையில் கொழும்பு 2018இல் ராம்சர் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது.

ராம்சரில் கூடியவர்கள் நம் பருவத்தை மனத்தில் வைத்துத் தேதியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை நிறைத்துச் சென்ற ஏரிகளில் நீர் இன்னும் வற்றாமல், பறவைகள் மிகுந்திருக்கும் காலம் அது. அன்று வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால், நீருக்குள் பாதி மூழ்கி நிற்கும் கடம்ப மரங்களின் மேல் நத்தைக்குத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு நிறையக் குஞ்சுகளோடு இருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த சுற்றுவட்டாரக் கிராமத்தினர், அவை அஞ்சிப் பறந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை.